கோண உந்தம்னா கோணத்தோட உந்தம்

கோண உந்தம்னா என்னன்னு நம்ம காலேஜ்ல யாரைக் கேட்டாலும் ரெண்டு செகண்ட்ல பதில் வரும்: "ஆர் கிராஸ் பி." அடுத்த ரெண்டு செகண்ட்ல, ஐஸ் ஸ்கேட்டிங் பண்ற பொண்ணு கையை மடக்கினா வேகமா சுத்துவாங்கிற கதை வரும். நம்மள்ல எத்தனை பேர் ஐஸ் ஸ்கேட்டிங்கை நேர்ல பார்த்திருக்கோம்ங்கிறது வேற விஷயம். அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "சரி, அது ஏன் மாறாம இருக்கு?" "டார்க் ஜீரோ, அதனால." "டார்க் ஏன் ஜீரோ?" அங்கே பேச்சு நின்னுடும். யாராவது டீ குடிக்கப் போலாம்னு சொல்லுவாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல, ஒரே ஒரு மணி நேரமாவது, கோண உந்தத்தை லக்ராஞ்சியன் வழியா நமக்குக் காட்டியிருக்கணும். சிலபஸை மாத்தச் சொல்லல, புது பேப்பர் கேட்கல. ஒரு மணி நேரம். அது இல்லாததால நாலு வருஷமா ஒரு முக்கியமான விஷயத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டுச் சுத்துறோம்.

முதல்ல சுத்துறதையே விடுவோம். ஒரு ரயில்வே பிளாட்பாரத்துல நிக்கிறீங்க. நிக்காத எக்ஸ்பிரஸ் ஒண்ணு நேர்க்கோட்டுல போகுது. தண்டவாளத்துக்கும் உங்களுக்கும் 3 மீட்டர். ரயில் வேகம் செகண்டுக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். என்ஜின் முகப்பு விளக்கையே பார்த்துட்டு இருங்க. அது தூரத்துல வரும்போது கழுத்து அசையவே வேண்டாம். உங்களைத் தாண்டுற அந்த நொடியில கழுத்து சடார்னு திரும்பும். அப்புறம் மறுபடியும் நிதானம். கணக்குப் போட்டா, விளக்கு உங்களுக்கு நேரா வர்றதுக்கு 30 மீட்டர் முன்னால இருக்கும்போது உங்க பார்வை செகண்டுக்கு 4 டிகிரிகூடத் திரும்பாது. நேர் எதிரே வரும்போது சுமார் 380 டிகிரி. கிட்டத்தட்ட 100 மடங்கு வித்தியாசம். ஆனா அந்தத் திரும்பும் வேகத்தை, விளக்குக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தோட வர்க்கத்தால பெருக்கிப் பாருங்க. எல்லா நொடியிலும் ஒரே எண் வரும். ரேடியன்ல போட்டா 60.

ரயில் சுத்தல. வளையக்கூட இல்ல. ஆனா உங்களைப் பொறுத்து அதுக்குக் கோண உந்தம் இருக்கு, அது மாறவும் இல்ல. "கோண உந்தம்னா சுத்துற பொருளோட சமாச்சாரம்"னு மனசுல பதிஞ்சு போன ஆளுக்கு இந்த ரயில் ஒரு தொல்லை. லக்ராஞ்சியன் தெரிஞ்ச ஆளுக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்ல.

அந்த லக்ராஞ்சியன் என்னன்னு சுருக்கமா. (தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்குப் போயிடலாம்.) பொருளோட இயக்க ஆற்றல்ல இருந்து நிலை ஆற்றலைக் கழிங்க, அவ்வளவுதான். வெறும் ஒரு நம்பர், திசை கிடையாது, அம்புக்குறி கிடையாது. பொருள் எங்க இருக்குன்னு சொல்ல நீளம், கோணம், எந்த கோஆர்டினேட்டை வேணும்னாலும் எடுத்துக்கலாம். அந்த கோஆர்டினேட்டோட வேகத்தைப் பொறுத்து லக்ராஞ்சியனை டிஃபரன்ஷியேட் பண்ணா வர்றதுக்குப் பேர் அந்த கோஆர்டினேட்டோட உந்தம். அந்த உந்தம் நேரத்தோட எப்படி மாறும்? லக்ராஞ்சியனை அதே கோஆர்டினேட்டைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணுங்க, அதுதான் மாறுற வீதம். மொத்த விதியே இவ்வளவுதான். லக்ராஞ்ச் 1788ல வெளியிட்ட மெக்கானிக்ஸ் புத்தகத்துல ஒரு படம்கூட கிடையாதுன்னு முன்னுரையிலேயே பெருமையா சொல்லிக்கிட்டவர். ஃப்ரீ பாடி டயகிராம் வரைஞ்சு வரைஞ்சு கை வலிச்ச நமக்கு அவர் கொஞ்சம் பிடிக்கணும்.

இப்போ ரயிலுக்கு வருவோம். நீங்க நிக்கிற இடத்தை மையமா வெச்சு, தூரம் ஆர், கோணம் தீட்டா. வேகத்துக்கு ரெண்டு பங்கு: உங்களை நோக்கியோ விலகியோ போற ஆர்-டாட், பக்கவாட்டுல போற ஆர் பெருக்கல் தீட்டா-டாட். ரெண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி, பாதி நிறையால பெருக்கினா இயக்க ஆற்றல். நிலை ஆற்றல் எதுவும் இல்ல. இப்போ அந்த வரியை நல்லா பாருங்க. தீட்டா-டாட் இருக்கு. தீட்டா எங்கேயும் இல்ல. அது இல்லாததாலதான் எல்லாமே நடக்குது. தீட்டாவைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணா பூஜ்யம். அப்போ தீட்டாவோட உந்தம் மாறாது. அந்த உந்தம் என்னன்னு பார்த்தா நிறை, ஆர் வர்க்கம், தீட்டா-டாட் மூணோட பெருக்கல். நீங்க கழுத்தைத் திருப்பிக் கண்டுபிடிச்ச அதே எண், நிறையால பெருக்கினது. ஆர் வர்க்கம் எங்கிருந்து வந்ததுங்கிற மர்மமும் போச்சு. மொமன்ட் ஆஃப் இனர்ஷியாவை யாரும் மேல இருந்து கொண்டுவந்து வைக்கல, அது தானா விழுந்தது.

சூரியனைச் சுத்துற பூமிக்கும் இதே வரிதான். நிலை ஆற்றல் கூடச் சேரும், ஆனா அது தூரத்தை மட்டும்தான் பார்க்கும், கோணத்தைப் பார்க்காது. அதனால தீட்டா இப்பவும் இல்ல, அதோட உந்தம் இப்பவும் மாறாது. சம நேரத்துல சம பரப்புன்னு கெப்ளர் 1609ல சொன்னது இதுதான். சரிபார்க்கணுமா? ஜனவரியில பூமி சூரியனுக்கு மிக அருகே வரும்போது தூரம் 14.71 கோடி கிலோமீட்டர், வேகம் செகண்டுக்கு 30.29 கிலோமீட்டர். ஜூலையில மிகத் தொலைவில் 15.21 கோடி, 29.29. அந்த ரெண்டு இடத்துலயும் வேகம் தூரக்கோட்டுக்குச் செங்குத்தா இருக்கும், அதனால நேரா பெருக்கிடலாம். கால்குலேட்டரைத் தட்டுங்க. ரெண்டுமே 445.5 பக்கம் வரும்.

இனி "டார்க் ஏன் ஜீரோ"ங்கிற கேள்விக்கு வருவோம். சூரியனைச் சுத்தி எந்தத் திசையும் ஸ்பெஷல் இல்ல. மொத்த ஏற்பாட்டையும் கொஞ்சம் திருப்பி வெச்சாலும் லக்ராஞ்சியனுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால டார்க் ஜீரோ. இதுக்குப் பேர் சமச்சீர். (சமச்சீர்னதும் நம்ம ஊர்ல பாடப் புத்தகம்தான் ஞாபகம் வரும், தப்பில்ல. அங்கேயும் யூனிட்டுக்கு யூனிட் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்கக் கூடாதுங்கிறதுதான் யோசனை.)

இந்த இடத்துல மொழி பத்தி ஒண்ணு சொல்லணும். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். "ஆங்குலர் மொமன்டம்"ங்கிற சொல்லைத்தான் பன்னிரண்டாவது வரைக்கும் கேட்டிருக்கேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே மனசுல ஏதோ ஒண்ணு சுத்தும். ஹாஸ்டல்ல என் ரூம்மேட் தமிழ் மீடியம். அவன் வாயில இருந்துதான் "கோண உந்தம்", "திருப்பு விசை"ங்கிற சொற்களை முதல்முறையா கேட்டேன். கோண உந்தம். அதைப் பிரிச்சுப் படிங்க: கோணத்தோட உந்தம். மேல லக்ராஞ்சியன்ல நாம செஞ்சதுக்கு இதைவிடச் சரியான பேர் எந்த மொழியிலயும் வைக்க முடியாது. தீட்டாங்கிற கோணம் ஒரு கோஆர்டினேட், அதுக்கு ஒரு உந்தம். சுத்துறதுங்கிற வாடையே அந்தச் சொல்லுல இல்ல. திருப்பு விசையும் அப்படித்தான். லக்ராஞ்சியனை நீளத்தைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணா விசை, கோணத்தைப் பொறுத்து பண்ணா திருப்பு விசை. விசைங்கிற சொல் ரெண்டுலயும் அப்படியே நிக்குது.

ஆனா முதல் வருஷத்துல என்ன நடக்குது? தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்ககிட்ட "அந்த வார்த்தையெல்லாம் மறந்துடுங்க, இங்க இங்கிலீஷ் டெர்ம் மட்டும்தான்"னு சொல்லிடுறாங்க. எக்ஸாம் இங்கிலீஷ்ல, அதனால சொல்றாங்க, புரியுது. ஆனா அந்தப் பசங்க கையில ஏற்கனவே இருந்த நல்ல கருவியைப் பிடுங்கிட்டு மொக்கையான ஒண்ணைக் கொடுக்குறோம்னு யாருக்கும் தோணல. இங்கிலீஷ் டெர்ம் கத்துக்கட்டும், கட்டாயம் கத்துக்கணும். மறக்கச் சொல்றது எதுக்கு?

சரி, மெக்கானிக்ஸுக்கே திரும்புவோம். உங்க ஐடி கார்டைக் கழட்டுங்க. (செக்யூரிட்டி அண்ணா பார்க்காத இடத்துல.) டேகோட மேல் நுனியைப் பிடிச்சுத் தொங்கவிடுங்க. முன்னும் பின்னும் ஆட்டினா சாதாரண ஊசல். நிலை ஆற்றல்ல கோணம் இருக்கு, ஏன்னா புவியீர்ப்புக்குக் கீழ்த்திசை ஸ்பெஷல். அதனால அந்தக் கோணத்தோட உந்தம் மாறிக்கிட்டே இருக்கும். மாறுற வீதம் எவ்வளவுன்னு கோணத்தைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணா, எம்ஜிஎல் சைன் தீட்டா, மைனஸோட. திருப்பு விசையை நாம தேடிப் போகல, அதுவே வந்து நிக்குது. இப்போ கார்டை ஒரு வட்டமா, இல்லன்னா கோணலான நீள்வட்டமா சுத்தவிடுங்க. இப்போ ரெண்டு கோணம்: செங்குத்துல இருந்து எவ்வளவு சாய்ஞ்சிருக்கு, எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. முதல் கோணம் லக்ராஞ்சியன்ல இருக்கு. ரெண்டாவது இல்ல. ஏன்னா கிழக்கா மேற்கான்னு புவியீர்ப்புக்குக் கவலை இல்ல. அதனால ரெண்டாவது கோணத்தோட உந்தம் மாறாது, முதலாவதுது மாறும். "கோண உந்தம் மாறாதா?"ன்னு பொதுவா கேட்குறதே அரைகுறைக் கேள்வின்னு இதுல தெரியும். எந்தக் கோணம்னு கேட்கணும்.

இன்னொரு விஷயம், இது இஇஇ, இசிஇ மக்களுக்கு. சீரான காந்தப் புலத்துல ஒரு மின்னூட்டத்துகள், புலத்துக்குச் செங்குத்தான தளத்துல போகுது. ஏதோ ஒரு புள்ளியை மையமா எடுத்துக்கோங்க. நிறை, ஆர் வர்க்கம், தீட்டா-டாட், இந்தப் பெருக்கல் பொதுவா மாறிட்டே இருக்கும். ஆர் கிராஸ் பி மட்டும் தெரிஞ்சவங்க "சரி, மாறுது"ன்னு விட்டுடுவாங்க. லக்ராஞ்சியனை அந்த மையத்தைச் சுத்தி சமச்சீரா எழுதிப் பார்த்தா தீட்டா அதுல இல்ல. அப்போ ஏதோ ஒண்ணு மாறாம இருந்தே ஆகணும். தீட்டாவோட உந்தத்தைக் கணக்குப் பண்ணா கூடவே ஒரு துண்டு வருது: மின்னூட்டம், புலம், ஆர் வர்க்கம் மூணோட பெருக்கல்ல பாதி. ரெண்டும் சேர்ந்ததுதான் மாறாது. மனப்பாடச் சூத்திரம் கைவிடுற இடத்துலயும் "கோணத்தோட உந்தம்" கைவிடல.

இவ்வளவு புகழ்ந்துட்டு ஒரு எச்சரிக்கை சொல்லாம விட்டா நியாயம் இல்ல. லக்ராஞ்சியன்ல இல்லாத கோஆர்டினேட்டை சைக்ளிக், இல்லன்னா இக்னோரபிள்னு சொல்லுவாங்க. இக்னோரபிள்ங்கிற பேரைக் கேட்டு நிறைய பேர் ஒரு குறுக்குவழி எடுப்பாங்க. "கோண உந்தம் மாறாத எண், அதை எல்னு வெச்சுக்குவோம். தீட்டா-டாட்டை எல் மூலமா எழுதி லக்ராஞ்சியனுக்குள்ளேயே போட்டுட்டா ஆர் மட்டும்தானே மிஞ்சும்?" போட்டுப் பாருங்க. எல் வர்க்கத்தை 2 எம் ஆர் வர்க்கத்தால வகுத்த துண்டு ப்ளஸ் குறியோட வந்து உட்காரும். அதை வெச்சு ஆருக்குச் சமன்பாடு எழுதினா, பூமியை வெளியே தள்ள வேண்டிய துண்டு உள்ளே இழுக்கும். சூரியனும் இழுக்கும், இதுவும் இழுக்கும், பூமி நேரா சூரியனுக்குள்ள. நாம உயிரோட இருக்கிறதால எங்கேயோ தப்புன்னு தெரியுது.

தப்பு எங்கே? ஆரைப் பொறுத்து டிஃபரன்ஷியேட் பண்ணும்போது தீட்டா-டாட்டை மாறாம வெச்சுக்கணும்னுதான் லக்ராஞ்ச் விதி சொல்லுது. நீங்க முன்னாடியே எல்லைப் போட்டுட்டா, எல் மாறாம இருக்கு, தீட்டா-டாட் ஆரோட சேர்ந்து நகருது. கேள்வியே மாறிப்போச்சு. சமன்பாட்டை எடுத்து முடிச்சிட்டு அதுக்கு அப்புறம் எல்லைப் போடுங்க, பிரச்சனை இல்ல. முன்னாடியே போடணும்னு அடம்பிடிச்சா, எல் பெருக்கல் தீட்டா-டாட்டை லக்ராஞ்சியன்ல இருந்து கழிச்சிடணும். குறி சரியாயிடும். கழிச்சு வர்றதுக்கு ரௌத்தியன்னு பேர். எட்வர்ட் ரௌத், 1854 கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுல முதலிடம் வாங்கினவர். ரெண்டாவது வந்தவர் பேர் மேக்ஸ்வெல்! ரெண்டாம் ரேங்க்னு வீட்டுல திட்டு வாங்கினவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

சமச்சீர் இருந்தா மாறாத ஒண்ணு இருக்கும்ங்கிறதை தொடர்ச்சியான சமச்சீர் எல்லாத்துக்கும் பொதுவா நிரூபிச்சவங்க எம்மி நோதர், 1918ல. 1915ல ஹில்பர்ட்டும் கிளைனும் அவங்களை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டாங்க. பொண்ணுங்கிறதால பாடம் நடத்துற உரிமை கொடுக்கல. சில வருஷம் ஹில்பர்ட் பேர்ல அறிவிச்ச வகுப்புகளை அவங்க எடுத்தாங்க. அந்த உரிமை 1919லதான் கிடைச்சது. 1933ல யூதர்ங்கிறதால நாஜி அரசு வேலையை விட்டே தூக்குச்சு. அமெரிக்காவுல பிரின் மார் காலேஜுக்குப் போனாங்க, 1935ல, 53 வயசுல இறந்துட்டாங்க. நியூட்டன் பேர், பெர்னூலி பேர், ரேனால்ட்ஸ் பேர் எல்லாம் நம்ம சிலபஸ்ல இருக்கு. நோதர் பேரை நாலு வருஷத்துல எந்த பேப்பர்லயும் நான் பார்க்கல.

இதைப் பேசினாலே எதிர்வாதம் ரெண்டு வரும். ஒண்ணு, "பிளேஸ்மென்ட்ல கேட்பாங்களா மச்சி?" கேட்க மாட்டாங்க. ஆப்டிட்யூட்ல ரயில் வேகம் கேட்பாங்க, கழுத்து வேகம் கேட்க மாட்டாங்க. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, தேவைன்னும் தோணல. ரெண்டாவது வாதம் கனமானது: "நாம இன்ஜினியர், பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் இல்ல. பேரிங்ல எவ்வளவு விசை வருதுன்னு எனக்குத் தெரியணும். லக்ராஞ்சியன் அதைச் சொல்லுமா?" நியாயமான கேள்வி. சாதாரணமா எழுதுற லக்ராஞ்சியன் அந்த மாதிரி கட்டுப்பாட்டு விசைகளைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் வேலையையே ஆரம்பிக்கும். ஷாஃப்ட் டிசைன் பண்றவனுக்கு வேண்டியதே அதுதான். உராய்வும் லக்ராஞ்சியனுக்குள்ள அழகா உட்காராது, தனியா வலது பக்கம் ஒட்டவைக்கணும். பிரேக் கணக்குக்கு நேரா திருப்பு விசை எழுதுறதுதான் புத்திசாலித்தனம். அதனால ஆர் கிராஸ் பி வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. ஐம்பது மணி நேரம் அதுக்கு, ஒரு மணி நேரம் இதுக்கு. அதுதான் கோரிக்கை.

அந்த ஒரு மணி நேரம் இல்லாததோட விலை கடைசி வருஷத்துல தெரியும். ரோபாட்டிக்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்களைக் கேளுங்க. ரெண்டு கை ரோபாட்டோட டைனமிக்ஸ்னு வந்ததும் லக்ராஞ்ச்-ஆய்லர் முறைன்னு ஒரு பெரிய மேட்ரிக்ஸ் போர்டுல இறங்கும். எல்லாரும் அதை அப்படியே காப்பி பண்ணிப்போம், பதினாறு மார்க். ஆனா அந்தக் கையை ஒரு மேஜை மேல படுக்கவெச்ச மாதிரி, புவியீர்ப்பு பாதிக்காத தளத்துல யோசிங்க. முதல் மூட்டோட கோணம் அந்த மேட்ரிக்ஸ்ல எங்கேயும் இருக்காது, ரெண்டாவது மூட்டோட கோணம் மட்டும்தான் இருக்கும். காரணம் நமக்கு இப்போ தெரியும்: மொத்தக் கையையும் மேஜையில எந்தப் பக்கம் திருப்பி வெச்சாலும் ஒண்ணுதான். அப்போ முதல் மூட்டு மோட்டார் கொடுக்குற திருப்பு விசை முழுசா முதல் கோணத்தோட உந்தத்தை மாத்தத்தான் போகுது. அந்த மோட்டாரை ஃப்ரீயா விட்டுட்டா அந்த உந்தம் மாறாது. உராய்வு இல்லாம, அசையாம இருந்த கையில ரெண்டாவது மூட்டை மட்டும் மடக்கினா முதல் கை எதிர்ப்பக்கம் நகரும், நகர்ந்தே ஆகணும். செயற்கைக்கோள்ல ரோபாட் கை வெச்சா இந்தத் தலைவலி நிஜமாவே வரும், ஏன்னா அங்கே கையைப் பிடிச்சுக்க தரை இல்ல, கை அசைஞ்சா செயற்கைக்கோளே எதிர்ப்பக்கம் திரும்பும். பதினாறு மார்க் மேட்ரிக்ஸுக்குள்ள இந்த விஷயம் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம். யாரும் சொல்றதில்ல.

ஜூனியர்ஸுக்கு ஒரு கணக்கு. முடிவே இல்லாத நீளமுள்ள ஒரு ஸ்பிரிங்கை நினைச்சுக்கோங்க, செங்குத்தா நிக்குது, அதுல மின்னூட்டம் சீரா பரவியிருக்கு. பக்கத்துல இன்னொரு மின்னூட்டத்துகள் போகுது. புவியீர்ப்பை விட்டுடுங்க. ஸ்பிரிங்கை மட்டும் சும்மா திருப்பினா வேற மாதிரி ஆயிடும், சும்மா மேல நகர்த்தினாலும் வேற மாதிரி ஆயிடும். அதனால கோண உந்தமும் மாறும், செங்குத்து உந்தமும் மாறும். ஆனா திருகாணியைத் திருகுற மாதிரி, திருப்பிக்கிட்டே சரியான அளவு மேல நகர்த்தினா ஸ்பிரிங் அப்படியே இருக்கும். அப்போ மாறாத ஒண்ணு இருக்கணும். அது என்ன? விடையை இதழோட மெயிலுக்கு அனுப்புங்க, சூத்திரத்தோட ரெண்டு வரி விளக்கமும் வேணும். தமிழ்ல எழுதினாலும் சரி, தங்கிலீஷ்ல எழுதினாலும் சரி.